தாப்பா சாலையில் ஒரு சின்ன ஹைப்ரிட்

கார் வாங்குமுன் வங்கியைக் கேட்பார்கள், மனைவியைக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் தாப்பா சாலையையும் கேட்க வேண்டும். அது அப்பா போட்ட சட்டம்.

அப்பா கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டத்திலிருந்து தாப்பா வரை, அந்த வளைவுகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் சுமை இறக்கியவர். இப்போது வயது எழுபத்து மூன்று. கிள்ளானில் எங்களோடு இருக்கிறார். வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் ஓட்டுவதைக் கவனிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

என் பெட்ரோல் காருக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. அடுத்தது சின்ன ஹைப்ரிட்தான் என்று நான் முடிவு செய்திருந்தேன். கார் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பைத்தியம். எந்த நிறுவனம் எந்த எஞ்சினை எதில் வைத்தது என்று சோறு தண்ணீர் இல்லாமல் பேசுவேன். ஆனால் அப்பாவிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

“பெட்ரோலும் இருக்கு, கரண்டும் இருக்குன்னா, கெட்டுப்போறதுக்கு ரெண்டு சாமான் இருக்குன்னு அர்த்தம். மொதல்ல தாப்பா ரோட்டுல எறக்கிக் காட்டு தம்பி. அப்புறமா கையெழுத்துப் போடு” என்றார்.

நண்பர் ஒருவர் தம்முடைய ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டை வார இறுதிக்குக் கொடுத்தார். முன்பணம் கட்ட எனக்குத் திங்கட்கிழமை வரை தவணை. சனிக்கிழமை விடியற்காலை அப்பா முன்னிருக்கையிலும், அம்மாவும் மனைவியும் பின்னிருக்கையிலும் அமர, புறப்பட்டோம்.

நெடுஞ்சாலையில் பெரிய அதிசயம் இல்லை

தலைநகரிலிருந்து தாப்பா சுமார் 150 கிலோமீட்டர். வடக்கு நோக்கிப் போகும்போது முதலில் ராவாங் பக்கம் சுங்கை சோ வருகிறது. பெரோடுவாவின் தொழிற்சாலை அங்கேதான். இன்னும் கொஞ்ச தூரத்தில் தஞ்சோங் மாலிம். அது புரோட்டோனின் இடம். நாட்டின் இரண்டு தேசியக் கார் நிறுவனங்களையும் ஒரே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம்.

அப்பா கேட்டார்: “இவங்கள்லாம் இந்த மாதிரி வண்டி செய்யலையா?”

கேள்வி நியாயமானது. பெரோடுவா 2022ல் ஆத்திவா ஹைப்ரிட்டைக் கொண்டுவந்தது. ஆனால் விற்கவில்லை. மாதம் 500 வெள்ளி, ஐந்தாண்டு வாடகை என்று 300 பேருக்கு மட்டும் கொடுத்து, நம் சாலைகளில் அது எப்படிப் போகிறது என்று பார்த்தது. அந்தக் காரில் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும் வேலையை மட்டுமே செய்யும். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். சின்னக் குடும்பத்துக்கு ஏற்ற நல்ல ஏற்பாடு. முந்நூறோடு அது நின்றது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ஹைப்ரிட் பெரிய அதிசயம் எதையும் செய்வதில்லை. மணிக்கு 110 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது, இந்த ஹோண்டாவில் எஞ்சினே ஒரு கிளட்ச் வழியாகச் சக்கரத்தோடு நேராக இணைந்துகொள்கிறது. அப்போது அது ஏறக்குறைய ஒரு சாதாரண பெட்ரோல் கார்தான். பிரேக் போடாத இடத்தில் மீட்டெடுக்கச் சக்தி ஏது? தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் ஊருக்கு நீண்ட பயணம் போகிறவர், அந்தப் பயணத்துக்காக ஹைப்ரிட் வாங்க வேண்டியதில்லை.

ஏற்றம்

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பசார் பக்கம் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு மலைச் சாலையைப் பிடித்தோம். வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதியை அளக்க வந்தது 1885ல். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை சாலை வந்து சேர்ந்தது 1931ல். சுமார் 60 கிலோமீட்டர் தூரம். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் புதிய சாலை அகலமானது. இப்போது பலரும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அப்பாவுக்கு மலை என்றால் இந்தப் பழைய சாலைதான். ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது.

ஏற்றத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் முழங்கியது. அப்பா காதைக் கூர்மையாக்கினார். “கியர் மாத்துற சத்தமே காணோமே?”

“கியர் பெட்டியே இல்லைப்பா. எஞ்சின் ஜெனரேட்டர் மாதிரி கரண்டு தயாரிக்குது. அந்தக் கரண்டுல மோட்டார் இழுக்குது.”

லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியில் நிறுத்தினோம். ஓராங் அஸ்லி கடைகளில் தேன் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அம்மா பெத்தாய் பேரம் பேசப் போனார். நான் அப்பாவிடம் கதையைத் தொடர்ந்தேன்.

எஞ்சினையும் மோட்டாரையும் சேர்ப்பது புதிய யோசனை அல்ல. ஃபெர்டினான்ட் போர்ஷே 1900ஆம் ஆண்டிலேயே அப்படி ஒரு வண்டியைச் செய்தார். ஆனால் வீட்டுக்கு வீடு வாங்கும் பொருளாக அது மாற ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்தது. டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸை விற்பனைக்கு விட்டது. ‘பிரியஸ்’ என்றால் லத்தீனில் ‘முன்னதாக’ என்று பொருள். 1999ல் ஹோண்டா இன்சைட் வந்தது: இரண்டே இருக்கை, அலுமினிய உடல், ஒரு லிட்டர் எஞ்சின்.

இரண்டு நிறுவனங்களும் இரண்டு வழியில் போயின. டொயோட்டா, எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரே பல்சக்கரத் தொகுதியில் கோத்தது. ஹோண்டா, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் மெல்லிய மோட்டார் ஒன்றைச் செருகியது. அது எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். செலவு குறைவு, பலனும் குறைவு. பின்னர் ஹோண்டாவே அந்த வழியை விட்டு, நாங்கள் ஓட்டி வந்த இந்த முறைக்கு மாறியது. சின்ன சிட்டியில் இந்த முறை முதன்முதலில் அறிமுகமானது நம் மலேசியாவில்தான், 2020ல். நிசான் 2016ல் நோட் காரில் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து முழுக்கப் பிரித்தேவிட்டது.

“பிரச்சினை ஒண்ணு, பதில் மூணு” என்றார் அப்பா. தோட்டத்துப் பணிமனையில் மூன்று ஃபிட்டர்கள் இருந்தால் அப்படித்தானாம்.

ரிங்லெட் ஏரி சொன்ன பாடம்

ரிங்லெட்டில் சாலையோரமாக ஏரி தெரிகிறது. சுல்தான் அபு பாக்கார் அணை 1960களில் கட்டப்பட்டது. மலையில் சேரும் நீரை இங்கே தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறக்கி, ஜோர் நிலையத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள்.

அந்த ஏரியைப் பார்த்தபடி நிற்கும்போது, ஹைப்ரிட்டை விளக்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றியது. உயரத்தில் இருக்கும் எதற்கும் சக்தி உண்டு. நீர் இறங்கும்போது அதை எடுக்கிறோம். கார் இறங்கும்போதும் எடுக்கலாம். சாதாரணக் காரில் பிரேக் போடும்போது அந்தச் சக்தி பிரேக் கட்டையில் சூடாகிப் போகிறது. ஹைப்ரிட்டில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அதில் ஒரு பகுதியை மின்கலத்தில் தேக்குகிறது.

ஆனால் அணைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. நாங்கள் நால்வரும் பெட்டி படுக்கையும் சேர்ந்து காரின் எடை சுமார் ஒன்றரை டன். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து தாப்பா வரை இறங்கினால், கணக்குப்படி ஐந்தரை கிலோவாட் மணிக்கு மேல் சக்தி வெளிப்பட வேண்டும். டயரும் காற்றும் அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மிஞ்சுவதைப் பிடிக்கவும் இவ்வகைச் சின்ன ஹைப்ரிட்டின் மின்கலம் போதாது. அது சுமார் ஒரு கிலோவாட் மணிதான் கொள்ளும். மின்சாரக் காரின் மின்கலம் ஏரி என்றால், இது தண்ணீர்த் தொட்டி.

இன்னொன்றையும் ஏரி காட்டியது. மேலே காய்கறித் தோட்டங்களிலிருந்து மண் அடித்து வந்து, ஏரி பல ஆண்டுகளாகத் தூர்ந்து வருகிறது. தண்ணீர் செம்மண் நிறத்தில் கிடந்தது. மின்கலமும் அப்படித்தான். ஆண்டுகள் போகப் போகக் கொள்ளளவு குறையும். ஹோண்டா நம் நாட்டில் இதன் மின்கலத்துக்கு எட்டாண்டு உத்தரவாதம் தருகிறது. ஒன்பதாவது ஆண்டில் அந்தக் காரை இரண்டாம் கையாக வாங்குகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

கீ ஃபார்ம் நெரிசல்

மாலையில் பிரிஞ்சாங்குக்கு மேலே கீ ஃபார்ம் சந்தைக்குப் போனோம். வார இறுதியில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஸ்ட்ராபெரி, சோளம், பேருந்து, பள்ளி விடுமுறை எல்லாம் ஒரே ஒற்றைத் தடத்தில். சில கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

ஹைப்ரிட் பிறந்தது இதற்காகத்தான். எஞ்சின் அணைந்து கிடக்க, கார் அடியடியாக நகர்ந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டோம். மலைக்காற்றோடு முன்னால் நின்ற வண்டியின் புகையும் சேர்ந்தே வந்தது. எங்கள் வண்டியின் புகை இல்லை. இருந்தாலும் அது மலை. ஏற்றத்தில் நின்று நின்று நகர்ந்ததில் தொட்டி சீக்கிரம் வற்றியது. நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமி எழுந்து, சில நிமிடம் மின்கலத்தை நிரப்பிவிட்டு மீண்டும் அடங்கியது. அம்மா ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டார்.

தினமும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகிற எனக்கு, அந்த ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. என் மனம் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டது. அப்பாவின் மனம் இன்னும் இறக்கத்தில்தான் இருந்தது.

தயாரிப்பாளர்கள்மீது என் வழக்கு

இரவு தானா ராத்தாவில் தோசை சாப்பிட்டபடி என் பழைய புலம்பலைத் தொடங்கினேன்.

நம் நாட்டில் சின்ன ஹைப்ரிட்டுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. 2011 முதல் 2013 வரை, இரண்டு லிட்டருக்குக் குறைந்த இறக்குமதி ஹைப்ரிட்களுக்கு அரசு வரிவிலக்கு தந்தது. இன்சைட், பிரியஸ் சி போன்றவை ஒரு லட்சம் வெள்ளிக்குள் கிடைத்தன. ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட்டை மலாக்கா பெகோவிலேயே பொருத்தினார்கள். இளம் தம்பதிகளும் ஆசிரியர்களும் வாங்கினார்கள். இறக்குமதிக்கான சலுகை முடிந்ததும் அந்த அலை அடங்கியது. இன்று ஹைப்ரிட் என்று காட்சியறையில் பளபளப்பவற்றில் உயரமான, கனமான வண்டிகளே அதிகம்.

தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. டொயோட்டா 2019ல் ஏறத்தாழ 24,000 காப்புரிமைகளை மற்ற நிறுவனங்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. நிறுவனங்களின் நியாயமும் எனக்குத் தெரியும். மோட்டார், மின்கலம், கட்டுப்பாட்டுக் கருவி இவற்றின் விலை காரின் அளவோடு அவ்வளவாகக் குறைவதில்லை. இரண்டு லட்சம் வெள்ளிக் காரில் அது மறைந்துவிடும். அறுபதாயிரம் வெள்ளிக் காரில் முள்ளாகக் குத்தும். ஆகவே பெரிய காரில் வைக்கிறார்கள். ஆனால் தினமும் நெரிசலில் நின்று நின்று போகிறவர்களில் பெரும்பாலோர் எதை ஓட்டுகிறார்கள்? சாலையில் பாருங்கள். மைவியும் ஆக்சியாவும் சாகாவும்தான். எங்கே அதிகம் வீணாகிறதோ அங்கேதானே அணை கட்ட வேண்டும்?

“பெரிய மொதலாளி வீட்டுலதான் மொதல்ல கரண்டு வந்துச்சு” என்றார் அப்பா. “லயத்துக்கு வர நாளாச்சு. ஆனா வந்துச்சு.”

இறக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை. பனி விலகியதும் கிளம்பினோம். அப்பா தோட்டத்துப் பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கை வாரை இழுத்துச் சரிபார்த்தார். இனி பரீட்சை.

அவருடைய காலத்தில் இந்த இறக்கம் விளையாட்டல்ல. சுமையோடு இறங்கும் லாரியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், கட்டை சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. முதலில் வாடை வரும். அதற்குப் பிறகு பயம் வரும். அதனால் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: “எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல எறங்கு.”

இந்தக் காரில் கியர் இல்லை. கைப்பிடியை ‘பி’ என்ற நிலையில் வைத்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாகவே இழுத்துப் பிடித்தது. எஞ்சின் அணைந்திருந்தது. திரையில் மின்கலத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. அப்பாவின் முகத்தில் சந்தேகம் குறையவில்லை; ஆனால் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

ரிங்லெட்டைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் தொட்டி நிரம்பிவிட்டது. அடுத்த செங்குத்தான வளைவில், என் கால் எதையும் மிதிக்காமல் இருக்கும்போதே, எஞ்சின் திடீரென்று பெரிய சத்தத்தோடு எழுந்தது.

“என்னாடா அது!” அப்பா முன்பக்கம் சாய்ந்தார். பின்னால் அம்மா முருகனைக் கூப்பிட்டார்.

எனக்கும் முதல் நொடியில் வயிறு கலங்கியது. பிறகு படித்தது நினைவுக்கு வந்தது. மின்கலம் நிரம்பிய பிறகு, சக்கரத்திலிருந்து வரும் மின்சாரத்தைக் கொட்ட இடமில்லை. அப்போது கார் அந்த மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினைச் சும்மா சுழற்றுகிறது. பெட்ரோல் எரிவதில்லை. காற்றை இழுத்து அமுக்குவதிலேயே சக்தி செலவாகிறது. காரும் கட்டுக்குள் நிற்கிறது.

வளைவு முடிந்து சாலை நேரானதும் இதைச் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. அடுத்த இரண்டு வளைவுகளில் கண்ணை மூடி, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“இது ரெண்டாம் கியர்ல எறங்குறதுடா. நான் கையால செஞ்சேன். இது தானா செய்யுது.”

புத்தம் புதிய கணினி செய்கிற வேலையை, லாரி ஓட்டிய மனிதர் சத்தத்திலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

தாப்பாவில் ஒரு ஒட்டுக்கடை அருகே நிறுத்தினேன். அப்பா முதலில் இறங்கினார். தே தாரிக் சொல்லப் போகவில்லை. முன்சக்கரத்தின் பக்கம் குனிந்து, புறங்கையைச் சற்றுத் தள்ளி வைத்துச் சூடு பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். நான்கு சக்கரத்துக்கும் அதே சோதனை.

“வாடை இல்ல.”

நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் முழுத் தீர்ப்பு வந்தது. “வண்டி பாஸ். எறக்கத்துல சும்மா போறத வீணாக்கல. இப்ப வெலயச் சொல்லு.”

கணக்கு

நான் விசாரித்தபோது, அதே காரின் பெட்ரோல் வகைக்கும் ஹைப்ரிட்டுக்கும் சுமார் 12,000 வெள்ளி வித்தியாசம் இருந்தது. கடை ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

என் கணக்கு: ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர், பெரும்பகுதி நெரிசல். பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கும், இது நாலரை. ஆண்டுக்கு 875 லிட்டர் மிச்சம். பூடி95 மானிய விலையில், லிட்டர் 1.99 வெள்ளி என்று வைத்தால், சுமார் 1,740 வெள்ளி. ஏழு ஆண்டுகளில் வித்தியாசம் திரும்பிவிடும். ஒன்பதாண்டுக் கடன் முடிவதற்கு முன்பே.

தங்கையின் கணக்கு: ஈப்போவில் பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டுகிறாள். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர். நெரிசல் குறைவு. 100 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர்தான் மிஞ்சும். ஆண்டுக்கு 320 வெள்ளி கூட வராது. 12,000 வெள்ளியை எடுக்க முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஒரே கார், ஒரே குடும்பம், இரண்டு பதில். ஆகவே ஹைப்ரிட் நல்லதா என்று என்னைக் கேட்கிறவர்களிடம் இனி நான் திருப்பிக் கேட்கப்போவது இரண்டே கேள்விகள்: ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர்? அதில் எத்தனை மணி நேரம் நின்றுகொண்டே இருக்கிறீர்கள்? பெட்ரோல் விலை ஏறினால் இந்தக் கணக்கும் மாறும். பெட்ரோல் நம்மைவிடப் பல மடங்கு விலை விற்கும் சிங்கப்பூரில் டாக்சிகள் ஏன் ஹைப்ரிட்டாக மாறின என்பதற்கும் இதுவே விடை.

திங்கட்கிழமை முன்பணம் கட்டினேன். அன்று மாலை தங்கை அழைத்து, தானும் வாங்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உன் சின்னக் காரில் இதே சாமானை, உனக்குக் கட்டுப்படியாகும் விலையில், யாராவது வைக்கட்டும். அன்று நானே வந்து கையெழுத்துப் போட வைக்கிறேன் என்றேன்.

பக்கத்தில் இருந்த அப்பா தொலைபேசியை வாங்கினார். “அப்பவும் தாப்பா ரோட்டுல எறக்கிப் பாத்துட்டுத்தாம்மா” என்றார்.